மஸ்கட்டில் கழற்றிய இஹ்ராம்

போன மாதம் என் மச்சான் மக்காவுக்கு உம்ராப் பயணம் போய் வந்தான். பார்க்கப் போனவர்களுக்கு ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் தந்தான். கூடவே ஒரு முறைப்பாட்டையும் எடுத்து வைத்தான். விமானத்தில் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வுழூச் செய்யக் கழிவறைக்குப் போனவனைப் பணிப்பெண் மறித்து, கையில் ஒரு ஈரத்தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டாளாம். கழிவறைக்குள் கால் கழுவுவது போல ஒரு படம் வரைந்து அதன் மேல் சிவப்புக் கோடும் போட்டிருந்ததாம்.

"ஒரு கோப்பத் தண்ணி. அதால காலக் கழுவினா பிளேன் விழுந்திருமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான்.

இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "விழவும் கூடும்டா" என்றேன். ஒருவரும் நம்பவில்லை. ஓய்வுபெற்ற பைலட் என்றால் எங்கள் ஊரில் கதை விடுகிறவன் என்று பெயர். வாயால் சொன்னால் எடுபடாது என்பதால் எழுதுகிறேன்.

நான் கிழக்கிலங்கைச் சாய்ந்தமருதைச் சேர்ந்தவன். எங்கள் வயலுக்கு மேலால் அம்பாறைப் பக்கம் சிறு விமானங்கள் தாழப் போகும். வரம்பில் நின்று அண்ணாந்து பார்ப்பேன். "வானத்தப் பார்க்காம வக்கடையப் பாருடா, தண்ணியெல்லாம் அடுத்தவன்ட வயலுக்குப் போகுது" என்று வாப்பா கத்துவார். வரம்பை வெட்டித் தண்ணீர் விடும் வாய்தான் வக்கடை. அதை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. படிப்பு முடிந்து ரத்மலானையில் பறக்கக் கற்றேன், வெளிநாட்டில் பெரிய விமானத்துக்குப் பயிற்சி எடுத்தேன். எழுபதுகளின் முடிவில் ஒரு ஜெட் விமானத்தின் வலப்பக்க ஆசனத்தில் துணை விமானியாக உட்கார்ந்தேன். கம்பனியின் பெயர் இங்கே வேண்டாம்.

அந்தக் காலத்து விமானி அறையில் மூன்று பேர் இருப்போம். இடப்பக்கம் கெப்டன், வலப்பக்கம் துணை விமானி, இருவருக்கும் பின்னால் பக்கவாட்டில் விமானப் பொறியியலாளர். எரிபொருள், மின்சாரம், காற்றழுத்தம் எல்லாம் அவர் பொறுப்பு. இப்போது அந்த மூன்றாவது ஆசனம் இல்லை. அவருடைய வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது.

என் வாழ்க்கையில் நான் அதிகம் கடன்பட்ட மனிதர் கெப்டன் ராகல். ஐரோப்பிய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர். விமானி அறைக்குள் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசமாட்டார். அவரோடு நான் பறந்த முதல் நாள், பயணம் முடிந்து படியால் இறங்கும்போது திடீரென்று, "என்ன தம்பி, சாய்ந்தமருதா? அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கடல் மீன் திண்டு வளந்த ஆக்கள்" என்றார். எங்கள் பக்கத்துத் தமிழ், ஒரு எழுத்துப் பிசகவில்லை. நான் படியில் தடுக்கி விழப் பார்த்தேன்.

அவருக்கு இரண்டு பழக்கங்கள் இருந்தன. ஏதாவது கோளாறு தலைகாட்டினால் சட்டைப் பையிலிருந்து இஞ்சி டொபி எடுத்து ஆளுக்கொன்று கொடுப்பார். தாளைப் பிரித்து வாயில் போடும்வரை எவரும் எந்த விசையையும் தொடக்கூடாது. விமானத்தில் அவசரப்பட்டுத் தவறான விசையை அணைத்துவிட்டால் சிறிய கோளாறு பெரிய கோளாறாகும் என்பதை அவர் இப்படித்தான் பழக்கினார். இரண்டாவது பழக்கம், எந்த முடிவுக்கும் முதலில் என்னைக் கேட்பார், பிறகு பொறியியலாளரை, கடைசியில்தான் தன் கருத்தைச் சொல்வார். "நான் முதலில் வாயைத் திறந்தால் நீ என் சொல்லைத்தான் திருப்பிச் சொல்வாய். எனக்கு அது எதற்கு? என் சொல் எனக்கே தெரியும்" என்பார்.

ஒரு முறை திருவனந்தபுரத்தில் மழைக்குள் இறங்கினோம். இந்த உயரத்துக்குள் ஓடுபாதை கண்ணில் படாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும் என்று ஓர் அளவு உண்டு. அந்த அளவு வந்தது. எனக்குத் தெரிந்தது சாம்பல் நிறம் மட்டும். "ஏறுவோம்" என்றேன். கெப்டன் ஏன் என்று கேட்கவில்லை, என் முகத்தைப் பார்க்கவில்லை, கை விசையைத் தள்ளியது, மூக்கு நிமிர்ந்தது. சுற்றி வந்து இறங்கியபின் அவர் சொன்னார்: "எனக்குப் பாதையின் ஓரம் தெரிந்த மாதிரி இருந்தது. ஆனால் இருவரில் ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்." அவ்வளவு பெரிய கெப்டன் என் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டார் என்பது எனக்குக் கொஞ்ச நாள் தலைக்கேறிக் கிடந்தது, அதையும் மறைப்பதற்கில்லை.

இனி அந்த ஹஜ் பயணத்துக்கு வருகிறேன். எண்பதுகளின் தொடக்கம். மக்காவுக்குப் பக்கத்திலுள்ள ஜித்தா விமான நிலையம் ஹஜ்ஜுக்கு வருகிற விமானங்களை ஒரு நாளோடு நிறுத்திவிடும். அந்தக் கடைசி நாளில் போகிற எங்கள் விமானத்தில் முக்கால்வாசிப் பேர் எங்கள் கரையோரத்து ஆட்கள். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று. எங்கள் குடியின் மரைக்காரும் இருந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் தாய்வழிக் குடி ஒவ்வொன்றுக்கும் ஒரு மரைக்கார் உண்டு. அவர் சொல்லுக்கு அந்தக் குடி எழும்பும், இருக்கும். என் உம்மாவும் இருந்தார், துணைக்கு அவருடைய தம்பியோடு. வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள் போய்ப் பல காலம். உம்மாவைக் கொண்டுபோகும் விமானத்தில் நானும் இருக்க வேண்டும் என்று கெஞ்சிக் கூத்தாடி அந்தப் பயணத்தை மாற்றி எடுத்திருந்தேன்.

ஏறும்போது உம்மா என் தோள்பட்டைக் கோடுகளைத் தடவி, "இது என்ன மகன், பொம்புளப் புள்ளட றிபன் மாதிரி" என்றார். பிறகு விமானி அறைக்குள் எட்டிப் பார்த்து, இடப்பக்கம் இருந்தவரிடம் கேட்டார்.

"தம்பி, நீங்களா பெரிய றைவர்?"

"ஓம் உம்மா. உங்கட மகன் சின்ன றைவர். பயப்படாமப் போய் இரிங்க" என்றார் கெப்டன் ராகல்.

அந்தத் தமிழைக் கேட்டு உம்மாவின் முகம் மலர்ந்ததை இன்னும் பார்க்கிறேன். உள்ளே போய் எல்லாரிடமும், "பெரிய றைவர் எங்கட பக்கத்து ஆள்தான்கா" என்று சொல்லியிருக்கிறார்.

ஹஜ்ஜுக்குப் போகும் ஆண்கள் தைக்காத இரண்டு வெள்ளைத் துணி உடுத்துவார்கள். அதுதான் இஹ்ராம். மக்காவைச் சுற்றி மீக்காத் என்ற எல்லைகள் உண்டு. அந்த எல்லையைத் தாண்டுமுன் இஹ்ராம் உடுத்து, ஹஜ் செய்கிறேன் என்று மனதில் உறுதிகொள்ளும் நிய்யத்தை வைத்துவிட வேண்டும். விமானத்தில் போகிறவர்கள் எல்லையை வானத்திலேயே கடக்கிறார்கள். எல்லை வரப்போகிறது என்று அறிவிப்பது விமானியின் வேலை. அந்த அறிவிப்பை நான் தமிழில் செய்யவேண்டும் என்று கெப்டன் முதலே சொல்லியிருந்தார். என்ன சொல்வது என்று ஒரு வாரமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

அறிவிக்க வாய்ப்பே வரவில்லை. கடைசி நேரத்தில் நெருக்கடி வேண்டாம் என்று எங்கள் ஆட்கள் அரபுக் கடலின் நடுவிலேயே ஆயத்தமாகிவிட்டார்கள். பின் கழிவறைகளில் ஆண்கள் உடை மாற்றினார்கள். முன் கழிவறையில் வரிசையாக வுழூ. விமானத்தில் தண்ணீர் குறைவு என்று யாரோ சொல்லியிருந்ததால் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கானில் வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள்.

தலைமைப் பணிப்பெண் சிங்களப் பிள்ளை. பதறிக்கொண்டு வந்தாள். முன் கழிவறைக் கதவுக்கு அடியால் தண்ணீர் வருகிறது, கம்பளம் நனைந்துவிட்டது, சொன்னால் எவருக்கும் விளங்குதில்லை என்றாள். பொறியியலாளர் சிரிபால மெதுவாகப் பேனையைக் கீழே வைத்தார். அந்தக் கழிவறைக்கு நேர் கீழேதான் விமானத்தின் மின்கருவிகள் எல்லாம் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும் அறை இருந்தது.

கெப்டன் என்னை அனுப்பினார். நான் போனபோது மரைக்கார் கழிவறைக்குள் நின்று, பள்ளிவாசலில் ஹவுள் என்ற தண்ணீர்த் தொட்டியடியில் செய்வது போல வலது காலைத் தூக்கி, கானைச் சரித்து, நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மரைக்கார் மாமா, நிலத்தில தண்ணி ஊத்தாதீங்க!"

"ஏன் மகன், ஓட்டையால கீழ போயிரும்தானே?"

"ஓட்டை ஒண்டும் இல்ல மாமா."

"அப்ப இவ்வளவு நேரமும் ஊத்தின தண்ணி எங்க போன?"

எங்கள் பக்கத்தில் குளிக்கிற இடம், கழுவுகிற இடம் எதுவென்றாலும் மூலையில் ஒரு வாய் இருக்கும். ஊற்றினால் தோட்டத்துக்கு ஓடும், வாழை வளரும். வழியில்லாத தரையை அவர்கள் வாழ்க்கையில் கண்டதில்லை. அவர்களில் எவரையும் நான் குறை சொல்லமாட்டேன். நான் விமானி ஆகாமல் வயலோடு இருந்திருந்தால் நானும் ஒரு கான் தண்ணீரோடு அந்த வரிசையில் நின்றிருப்பேன்.

வரிசையைக் கலைத்துவிட்டுத் திரும்பினேன். விமானி அறைக் கதவைத் திறந்ததும் மின்வயர் கருகும் மணம். மூவரும் ஒட்சிசன் முகமூடி போட்டோம். தானாக ஓட்டும் கருவி தன்பாட்டில் ஓட்டுவதை விட்டுவிட்டது. கெப்டன் பக்கத்தில், விமானம் நேராக இருக்கிறதா சரிந்திருக்கிறதா என்று காட்டும் கருவி ஒருபக்கம் சாய்ந்து உயிரைவிட்டது. திசை காட்டுவதும் அதற்குப் பின்னால் போனது. வானொலி ஒன்று இரைந்துவிட்டு ஊமையானது. முகமூடியோடு டொபி தின்ன முடியாது. ஆனால் கெப்டன் ராகல் டொபி தின்னும் அளவு நேரம் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, எது செத்தது, எது உயிரோடிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என் பக்கம் இருட்டு, உன் பக்கம் வெளிச்சம். நீ ஓட்டு" என்றார்.

நான் ஓட்டினேன். அவர் அவசரகால ஏட்டைத் திறந்து வாசித்தார், சிரிபால ஒவ்வொரு இணைப்பாக அணைத்தார். ஒருவர் ஓட்டுவதைத் தவிர வேறெதையும் செய்யக்கூடாது, மற்றவர்கள் ஓட்டுவதைத் தவிர மற்றதைச் செய்யவேண்டும். கோளாறு நேரத்தில் மூவரும் ஒரே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்து விமானத்தைக் கடலில் விட்ட கதைகள் எங்களுக்குத் தெரியும். கருகல் மணம் குறைந்தது. கிட்டிய நிலையம் மஸ்கட். அந்த முடிவில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. என் முதுகுக்குப் பின்னால் உம்மா இருக்கிறார் என்ற நினைவு வரும்போதெல்லாம் எனக்கு முன்னால் இருந்த அந்த ஒற்றைக் கருவியை இன்னும் கூர்ந்து பார்த்தேன். பயந்தேன். நன்றாகவே பயந்தேன்.

இறங்கியதும் உள்ளே அல்லாஹு அக்பர் என்ற தக்பீர் முழக்கம் கேட்டது. கஷ்டம் முடிந்தது என்று அவர்கள் நினைத்தார்கள். கஷ்டம் அங்கேதான் தொடங்கியது.

அடியில் இருந்த அறைக் கதவைத் திறந்ததும் தண்ணீர் கொட்டியது. மஸ்கட்டுப் பொறியியலாளர்கள் நல்ல மனிதர்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் என்று அறிந்ததும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். சூடான காற்றை ஊதி ஊதிக் காயவைத்தார்கள். பின்னேரம் மின்சாரத்தைக் கொடுத்துப் பார்த்தபோது எல்லா விளக்கும் பச்சை. செத்த கருவிகள் எழும்பி ஒழுங்காக நின்றன.

சிரிபால ஏணியால் இறங்கி வந்தார். "சேர், எல்லாம் வேலை செய்கிறது. ஏன் வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாது" என்றார்.

விமானத்தில் இதைவிடப் பொல்லாத நிலை இல்லை. செத்த கருவி செத்தேன் என்று சொல்லிவிடும். நனைந்து காய்ந்த இணைப்புக்குள் ஒரு துளி ஒளிந்திருந்தால் அது எப்போது, எந்தக் கருவியைக் கொண்டுபோகும் என்று எவராலும் சொல்ல ஏலாது. முன்னால் இருப்பது பாலைவனம், பொழுதும் சாயப்போகிறது. மாற்றுப் பெட்டிகள் கொழும்பிலிருந்து அடுத்த நாள்தான் வரும். ஜித்தா அன்றோடு மூடுகிறது. முடிவு கெப்டனுடையது என்று கம்பனி தொலைபேசியில் சொல்லிவிட்டது.

இறக்கையின் நிழலில் மூவரும் நின்றோம். கெப்டன் ராகல் என் பக்கம் திரும்பினார். வழமைபோல முதலில் என்னிடம்தான் கேட்டார்.

"என்ன செய்வோம்?"

அந்தக் கேள்வியை அன்று மட்டும் அவர் கேட்காமல் விட்டிருக்கலாம் என்று நினைத்தேன். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மண்டபத்தில் வெள்ளைத் துணியில் எங்கள் ஊர் உட்கார்ந்திருந்தது. வயல் வேலை, கடை, பிள்ளைகளின் கலியாணம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, இனி அல்லாஹ்வின் வீட்டைப் பார்த்தால் போதும் என்று வந்தவர்கள். உம்மா பெண்கள் பக்கம் தஸ்பீஹ் மணியோடு இருந்தார். இரண்டு சொல் போதும், போவோம் கெப்டன் என்று. பச்சை விளக்குகள் எனக்குச் சாட்சி சொல்லும்.

"போகக்கூடாது" என்றேன். "யாரோ ஒருவருடைய உம்மா என்றால் இந்த விமானத்தில் ஏற்றமாட்டேன். என் உம்மா என்பதற்காக ஏற்ற ஏலாது."

சிரிபாலவும் வேண்டாம் என்றார். கெப்டன் தலையாட்டினார். "நானும் அதுதான். ஆனால் உள்ளே கதைக்கிறது நான். நீ வாயைத் திறக்கக்கூடாது. இது கட்டளை."

மண்டபத்தின் நடுவில் நின்று தொப்பியைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் கேளுங்க. பிளேன் இண்டைக்கு ஜித்தாவுக்குப் போகாது. வேற பிளேனும் நேரத்துக்கு வராது. நாளைக்கு உங்களைக் கொழும்புக்குக் கொண்டு போறன். இந்த வருசம் உங்களுக்கு ஹஜ் இல்ல."

பிறகு மரைக்கார் எழும்பினார்.

"மெசினெல்லாம் வேல செய்யிதாமே?"

"ஓம், செய்யிது. ஏன் செய்யிது எண்டு எங்களுக்குத் தெரியா. தெரியாத மெசின்ல உங்களை ஏத்த மாட்டன்."

"ஹஜ்ஜுக்குப் போற வழியில மௌத்தானா எங்களுக்கு நன்மதானே?"

"உங்களுக்கு நன்ம வாப்பா. கொண்டு போய்ப் போட்ட எனக்கு?"

மரைக்கார் என் பக்கம் விரலை நீட்டினார். "இவன் எங்கட புள்ள. இவன் என்ன சொன்ன?"

"அவர் போவம் எண்டுதான் நிண்டவர். என்னோட சண்டையே புடிச்சவர். நான்தான் மறிச்ச" என்றார் கெப்டன் ராகல், கண்ணை இமைக்காமல்.

நான் திடுக்கிட்டேன். வாயைத் திறக்கப் பார்த்தேன். அவர் கை என் முழங்கைக்கு மேல் இறுகியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் மட்டக்களப்புக்குப் போய்விடுவார், அல்லது கொழும்பில் இருந்துவிடுவார். அந்த மண்டபத்தில் இருந்தவர்களின் முகத்தில் வாழ்நாள் முழுக்க விழிக்க வேண்டியவன் நான். அதை யோசித்துத்தான் அவர் உள்ளே வந்திருக்கிறார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மீக்காத்தை அடையாததால் ஒருவரும் நிய்யத்து வைத்திருக்கவில்லை, உடை மாற்றலாம் என்று கூட வந்த மௌலவி சொன்னார். அதன்பிறகு ஒவ்வொருவராக மூலைக்குப் போய் இஹ்ராமைக் கழற்றிச் சாரம் உடுத்தார்கள். துணியை மடித்த விதத்தை என்னால் மறக்க முடியாது. குழந்தையைக் கிடத்துவது போல மடித்துப் பைக்குள் வைத்தார்கள். நிந்தவூர் ஆதம்பாவா என்ற வயசாளி மடிக்க மனமில்லாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். நான் வெளியே போய் விமானத்தின் சக்கரத்தடியில் நின்று அழுதேன்.

மாற்றுப் பெட்டிகள் வந்து பூட்டியபின் அந்த விமானம் அடுத்த நாள் ஒரு குறையும் காட்டாமல் கொழும்புக்குப் பறந்தது. அதுதான் வினையாகப் போனது. "பார்த்தியா, பிளேனுக்கு ஒண்டும் இல்ல" என்றார்கள். அன்று போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்திருக்கவும் கூடும். நடக்காத விபத்துக்கு அத்தாட்சி கிடையாது. அத்தாட்சி இல்லாமல்தான் எங்கள் தொழிலில் முடிவெடுக்க வேண்டும்.

லீவில் ஊருக்குப் போனேன். தெருவில் ஆட்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். நமக்காகப் பறங்கியோடு மல்லுக்கட்டிய பிள்ளை என்று பள்ளிவாசல் வாசலில் கைகொடுத்தார்கள். மீன்காரர் நல்ல பாரையாகப் பார்த்து வீட்டுக்கு அனுப்பினார். கெப்டனுக்கு விழுந்த ஏச்சை இங்கே எழுத ஏலாது. நான் மறுத்துக் கதைக்கவேண்டும் என்று வாயெடுப்பேன், அவர் கை என் கையை இறுக்கியது நினைவு வரும்.

உம்மா மட்டும் அந்தக் கொண்டாட்டத்தில் சேரவில்லை. ஒரு பகல் சோறு போட்டுவிட்டு என் முன்னால் இருந்தார்.

"மகன், வேணாமெண்டு சொன்ன நீதானே?"

சோற்றிலிருந்து கையை எடுத்தேன். "எப்படித் தெரியும் உம்மா?"

"அந்த மனிசன் உனக்காகக் கதைக்கக்குள்ள நீ நிலத்தப் பார்த்துக்கிட்டு நிண்ட. போவம் எண்டு சண்ட புடிச்சவன் எண்டா உம்மாட முகத்தப் பார்த்திருப்பான்."

"கோவமா உம்மா?"

"கோவம்தான். இல்லையெண்டு சொல்லுவனா?" என்று உம்மா அழுதார். நானும் அழுதேன். அழுது முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "பிழை செய்தாய் எண்டு நான் சொல்லல்ல. என்ட மகன் பயந்து சொல்லியிருக்கமாட்டான், தெரிஞ்சுதான் சொல்லியிருப்பான். ஆனா அந்த மனிசன ஊரே திட்டிது, நீ அந்த ஊர் தந்த மீனத் திண்டுக்கிட்டு இரிக்காய். எழும்பு. மரைக்கார்ட்டப் போ."

கையைக் கழுவிவிட்டுப் போனேன். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். தண்ணீர் ஒளிந்திருக்கக்கூடிய இடத்தைப் பற்றியும் சொன்னேன், என்னை ஊரிடமிருந்து காப்பாற்றக் கெப்டன் சொன்ன பொய்யைப் பற்றியும் சொன்னேன்.

"நீ சொன்ன சரியா பிழையா எண்டு எனக்கு விளங்கல்ல. அந்த மனிசன் செய்தது எனக்கு விளங்கிது" என்றார் மரைக்கார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அவரே எழும்பி ஊருக்குச் சொன்னார். அன்றிலிருந்து சிலர் எனக்கு ஸலாம் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களுக்கு அந்த உரிமை இருந்தது. நிந்தவூர் ஆதம்பாவா அடுத்த ஹஜ்ஜைப் பார்க்கவில்லை, மாரியில் மௌத்தாகிவிட்டார். அந்தச் செய்தி வந்த நாளில் நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

அடுத்த ஹஜ்ஜுக்கு முன்னால் மரைக்கார் கெப்டன் ராகலை ஊருக்கு அழைத்தார். தங்கையைப் பார்க்க மட்டக்களப்புக்கு வந்தவர் அப்படியே வந்துவிட்டார். மரைக்கார் வீட்டில் ஒரே சஹன் தட்டில் நாலு பேரோடு உட்கார்ந்து கையால் சாப்பிட்டார். பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் மர வாங்குகளை விமான ஆசனம் போல அடுக்கி, ஹஜ்ஜுக்குப் போகிறவர்களை இருத்தி, அவரும் நானும் விளங்கப்படுத்தினோம். வுழூவும் இஹ்ராமும் கொழும்பிலேயே முடித்துவிட்டு ஏறுவது, நிய்யத்தை மட்டும் வானத்தில் வைப்பது, தண்ணீர்க் கான் ஒன்றும் கொண்டுவராமல் இருப்பது. மௌலவி எல்லாவற்றுக்கும் சரி சொன்னார். ஒருவர் எழும்பி, "பிளேன்ல வுழூ முறிஞ்சா?" என்று கேட்க, கெப்டன், "அத மௌலவிட்டக் கேளுங்க, எனக்கு என்ஜின் முறிஞ்சா என்ன செய்யிறெண்டுதான் தெரியும்" என்றார். போன வருடம் அவரைத் திட்டியவர்கள் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள்.

அந்த முறை ஹஜ் விமானத்தையும் நாங்கள்தான் ஓட்டினோம், மீக்காத் அறிவிப்பை நான் செய்தேன். ஒத்திகை பார்த்த சொல்லெல்லாம் மறந்துபோய், "எல்லை வருது, நிய்யத்த வையுங்க" என்று மட்டும் சொன்னேன். கதவுக்கு அப்பால் லப்பைக், இதோ வந்தேன் இறைவா என்ற முழக்கம் எழுந்தபோது கெப்டன் ராகல் ஒலிவாங்கியை என் கையிலிருந்து எடுத்து மெதுவாக மாட்டினார்.

ஜித்தாவில் இறங்கியதும் நாங்கள் இருவரும் கதவடியில் நின்று ஆட்களை வழியனுப்பினோம். உம்மா வந்தார். எனக்கு முன்னால் நிற்காமல் கெப்டனுக்கு முன்னால் போய் நின்றார்.

"தம்பி, நீங்க போன வருசம் என்ட மகனுக்காக ஒரு பொய் சொன்ன. ஹஜ்ஜில அரபா மைதானத்துல நிண்டு என்ட பாவத்துக்குக் கேட்க முந்தி அதுக்குத்தான் மன்னிப்புக் கேட்கப் போறன்."

கெப்டன் தொப்பியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"உம்மா, அதோட நிப்பாட்டாதீங்க. என்ட கணக்கில இன்னும் கொஞ்சம் இரிக்கி."

"சொல்லுங்க தம்பி. எல்லாத்துக்கும் சேத்துக் கேட்கன்."

அவர் பகிடிக்குச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். ஆனால் அவர் தலையைத் தாழ்த்தி, மெல்லிய குரலில் உண்மையாகவே தன் பிழைகளைச் சொல்லத் தொடங்கினார். உம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் வெள்ளைத் துணியில் வரிசை முழுவதும் நின்றது. அத்தனை வருடம் காத்திருந்து மக்காவின் வாசலுக்கு வந்தவர்கள், ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. நான் விமானி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் என்ன சொன்னார் என்று உம்மா கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை.